சித்திரை, கேட்டை, திருவோணம்: ஒரு படகு விமானத்தின் கதை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை மூன்று மாதமாக என் ஆக்கிரமிப்பில் இருக்கிறது. பழைய செய்தித்தாள் விரித்து, அதன்மேல் உப்புத்தாள், பசை, பிளேடு, பல்குத்தும் குச்சிகள், நடுவில் ஒரு விமானம். 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 44 சென்டிமீட்டர். ஒரு முழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூக்காரம்மா அளக்கிற முழம் இல்லை, நிஜ முழம்.

"இது என்னங்க, ஏரோப்ளேனா, போட்டா?" என்று முதல் வாரமே மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ரெண்டும்தான். பெயர் கேட்டலினா. மாலத்தீவுக்குப் போனவர்கள் தண்ணீரில் இறங்கும் விமானங்களைப் பார்த்திருப்பார்கள். அவை சாதாரண விமானங்கள்தான், சக்கரத்துக்குப் பதிலாகக் காலில் இரண்டு மிதவைகளைக் கட்டியிருப்பார்கள். படகு விமானம் அப்படியில்லை. அதற்கு உடம்பே படகு. வயிறு நேராகத் தண்ணீரில் உட்காரும். பக்கவாட்டில் கவிழாமல் இருக்க இறக்கை நுனிகளில் மட்டும் சின்னதாக இரண்டு மிதவைகள். கேட்டலினாவில் அந்த மிதவைகள், மேலே போனதும் வெளிப்பக்கமாக மடங்கி இறக்கையின் நுனியாகவே மாறிவிடும். மாடல் கிட்டில் அந்தச் சின்னக் கம்பிகளை ஒட்டுவதற்குள் எனக்குக் கண் வலி வந்துவிட்டது.

அழகான விமானம் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இறக்கையை உடம்போடு ஒட்டாமல், முதுகில் ஒரு தூண் வைத்து அதன்மேல் பலகை மாதிரிப் போட்டிருப்பார்கள். எஞ்சின்களைத் தண்ணீர்த் தெறிப்பிலிருந்து காப்பாற்ற அந்த உயரம் வேண்டும். அந்தத் தூணுக்குள்தான் எஞ்சினைக் கவனிக்கும் ஆள் தனியாக உட்கார்ந்திருப்பார், பரணில் ஏறிய பூனை மாதிரி. வேகமும் கிடையாது. சாவகாசமாகப் பறந்தால் மணிக்கு 200 கிலோமீட்டர். நம்ம வந்தே பாரத் சோதனை ஓட்டத்தில் 180-ஐத் தொட்டிருக்கிறது. அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் கம்பெனியில் ஐசக் லாடன் என்ற பொறியாளர் வடிவமைத்து, 1935-ல் முதன்முதலாகப் பறந்தது. கலிபோர்னியாவுக்கு எதிரே இருக்கும் ஒரு தீவின் பெயரைப் பிரிட்டிஷ்காரர்கள் அதற்கு வைத்தார்கள். மூவாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். மெதுவாகவே போனாலும் ஏறக்குறைய ஒரு முழு நாள் தரை தொடாமல் போகும், அதுதான் அதன் சிறப்பு. நான் செய்துகொண்டிருக்கும் குறிப்பிட்ட விமானம் ஒரு முழு நாளையும் தாண்டிப் போனது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அதற்குமுன் ஒரு புலம்பல். கேட்டலினாவின் பின்பக்கம், இடுப்புக்கு இரு புறமும், கண்ணாடிக் குமிழ்கள் இருக்கும். கண்காணிப்பவர் அதில் தலையை நீட்டிக் கீழே கடலைப் பார்க்கலாம். எனக்கு வந்த பெட்டியில் ஒரு குமிழ் நடுவில் விரிசல் விட்டிருந்தது. ஆன்லைனில் விற்றவருக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். "பெட்டி திறந்தாச்சுன்னா ரிட்டர்ன் இல்லை சார்" என்று பதில் வந்தது. பெட்டியைத் திறக்காமல் விரிசலை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை. சரி என்று, நல்லதாக இருந்த குமிழை அளந்து, ஒரு மரத்துண்டில் அதே வடிவத்தைச் செதுக்கி, காலித் தண்ணீர் பாட்டிலுக்குள் அதை வைத்து, கேஸ் அடுப்பின் மேல் தூரமாகப் பிடித்துச் சுற்றினேன். பிளாஸ்டிக் சுருங்கி மரத்தின் மேல் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். வெட்டி எடுத்தால் குமிழ் தயார். நான்கு பாட்டில் வீணானது, ஐந்தாவது சரியாக வந்தது. உண்மையைச் சொன்னால் கிட்டில் வந்ததைவிட இது தெளிவாக இருக்கிறது.

மனைவியின் அடுத்த கேள்வி வயிற்றைப் பற்றி. திருப்பிப் போட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். "நடுவுல ஏன் இப்படி ஒரு படி? தேச்சு மட்டமாக்கிடக் கூடாதா?" கூடவே கூடாது. அந்தப் படி இல்லாவிட்டால் விமானம் தண்ணீரை விட்டு எழவே எழாது.

ஈரத் தட்டை இன்னொரு ஈரத் தட்டின் மேல் வைத்துவிட்டுத் தூக்கிப் பாருங்கள், கீழே இருப்பதும் சேர்ந்து வரும். வளைந்த படகு வயிறு வேகமாகப் போகும்போது தண்ணீர் அதை அப்படித்தான் இழுத்துப் பிடிக்கும். வயிற்றின் நடுவில் சட்டென்று ஒரு படி வெட்டிவிட்டால், அந்த இடத்தில் தண்ணீர் வயிற்றை விட்டுப் பிரிந்துவிடும், இடையில் காற்று புகும். வேகம் கூடக்கூட விமானம் தண்ணீரைக் கிழிப்பதை விட்டு அதன் மேலே வழுக்க ஆரம்பிக்கும். பிறகுதான் எழும்பும். இதில் ஒரு வேடிக்கை, தண்ணீர் அசையாமல் கண்ணாடி மாதிரிக் கிடந்தால் படகு விமானிக்குத் தலைவலி. சிற்றலை இருந்தால் அதோடு சேர்ந்து காற்றும் வயிற்றுக்கு அடியில் நுழையும். அலையே இல்லாவிட்டால் பிடி விடாது. அப்படிப்பட்ட நாள்களில் ஒரு மோட்டார் படகை முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டித் தண்ணீரைக் கலக்கிவிடச் சொல்வார்கள். இறங்கும்போதும் அதே தொல்லை. கண்ணாடித் தண்ணீரில் பரப்பு எங்கே இருக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது. ஒரே சீராக, மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே வந்து, எப்போது தொடுகிறதோ அப்போது தொடட்டும் என்று விட்டுவிடுவதுதான் வழி.

இறங்கின பிறகாவது நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. தண்ணீரில் பிரேக் ஏது? கித்தானில் தைத்த வாளி மாதிரி ஒன்றைக் கயிற்றில் கட்டி ஜன்னல் வழியாக வீசுவார்கள். அது தண்ணீரை அள்ளி இழுத்து வேகத்தைக் குறைக்கும். இடதுபக்கம் வீசினால் மூக்கு இடதுபக்கம் திரும்பும். அப்புறம் ஓர் ஆள் மூக்கிலிருந்து எட்டி, கொக்கிக் கழியால் நங்கூர மிதவையைப் பிடிக்க வேண்டும். எஞ்சினைப் பழுதுபார்ப்பவர் ஸ்பேனரைக் கைதவற விட்டால் அது ஏரிக்குச் சொந்தம். தடாலென்று இறங்கியதில் அடிப்பக்க ரிவெட் கழன்று தண்ணீர் பீச்சி அடிக்க, கையில் இருந்த பென்சிலை ஓட்டையில் சொருகிச் சமாளித்த கதைகளும் உண்டு.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் கட்டினார்கள்? ஓடுதளம் இல்லாததால்தான். 1930-களில் நல்ல ஓடுதளம் உலகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தது. தண்ணீரோ எங்கும் இருந்தது. இங்கிலாந்தின் இம்பீரியல் ஏர்வேஸ், ஷார்ட் கம்பெனியிடம் 28 எம்பயர் வகைப் படகு விமானங்களை, மாதிரி ஒன்று பறக்கும் முன்பே, வரைபடத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்தது. முதல் விமானம் 1936 ஜூலையில் பறந்தது. உள்ளே புகைபிடிக்கத் தனி அறை, எழுந்து நின்று வேடிக்கை பார்க்க ஒரு தாழ்வாரம். சவுத்தாம்ப்டனில் கிளம்பி சிட்னி போகிற வழியில் கராச்சிக்குப் பிறகு ராஜஸ்தானின் ராஜ்சமந்த் ஏரி, குவாலியர், அலகாபாத், பிறகு கல்கத்தாவில் ஹூக்ளி ஆறு என்று இறங்கி இறங்கிப் போகும். ராஜாக்கள் குடிமக்களுக்காக வெட்டிய ஏரியில் லண்டன் தபால் வந்து இறங்கியது.

அந்த எம்பயர் வகையில் கோர்செயர் என்று ஒன்று. அதன் கதையைச் சொல்லாமல் மேலே போக மனசு வரவில்லை. 1939 மார்ச்சில் ஆப்பிரிக்காவுக்கு மேலே வழிதவறி, எரிபொருள் தீர்ந்துபோய், அப்போதைய பெல்ஜியக் காங்கோவில் டுங்கு என்ற சின்ன ஆற்றில் இறங்கிப் பாறையில் மோதி வயிறு கிழிந்தது. ஆள் சேதம் இல்லை. காட்டுக்குள்ளேயே மாதக்கணக்கில் இருந்து பழுதுபார்த்தார்கள். ஜூலையில் எழும்ப முயன்றபோது மறுபடி பாறையில் அடிபட்டது. மறுபடி பழுதுபார்த்தார்கள். அதற்குள் ஆற்றில் தண்ணீர் வற்றிவிட்டது. கடைசியில் ஆற்றின் குறுக்கே ஓர் அணையைக் கட்டித் தண்ணீரைத் தேக்கி, 1940 ஜனவரி 6-ந் தேதி கிளப்பிக்கொண்டு போனார்கள். ஒரு விமானம் மேலே எழுவதற்காக ஓர் அணை! எங்கும் இறங்கலாம் என்பது உண்மைதான், எங்கிருந்தும் எழலாம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, என் மேசை மேல் இருக்கும் விமானம் போய் இறங்கிய இலங்கைக்கு வருவோம்.

காலி நகரத்திலிருந்து கடற்கரை ரோட்டில் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கொக்கல. இடப்பக்கம் ஒரு பெரிய களப்பு (நாம் காயல் என்போம்), வலப்பக்கம் கடல், நடுவில் ரோடும் ரயிலும் போகிற அளவுக்கு ஒரு நிலத்துண்டு. கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் களப்பில் சிற்றலைதான். படகு விமானத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ல் பிரிட்டிஷ் விமானப்படை அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அங்கே குடியிருந்த ஜனங்களைக் குறுகிய அவகாசத்தில் கிளப்பிவிட்டார்கள். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீடு மட்டும் எப்படியோ தப்பி நின்றது, இன்று அங்கே ஒரு நாட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது.

அந்தக் களப்பிலிருந்து 1942 ஏப்ரல் 4-ந் தேதி விடியுமுன் கிளம்பிய ஒரு கேட்டலினாவின் விமானி லியனர்ட் பர்ச்சல், கனடாக்காரர். ஊருக்கு வந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாள் முழுக்க வெறுங்கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் நேரத்தில் தெற்கே தொடுவானில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல் படை. மணிக்கு 200 கிலோமீட்டரில் எங்கே ஓடித் தப்பிப்பது? சேதியை ரேடியோவில் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியச் சண்டை விமானங்கள் சுட்டு வீழ்த்திவிட்டன. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள், மிச்சப் பேர் போர் முடியும்வரை கைதிகள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பின் மேல் குண்டு விழுந்தபோது ஊர் ஓரளவு தயாராக இருந்தது. பர்ச்சலை இலங்கையின் ரட்சகர் என்று பத்திரிகைகள் எழுதின. அதே நாள்களில் இந்தப் பக்கம் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது, சென்னை பாதி காலியானது, மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கிலி பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் கொக்கலயிலேயே இருந்துகொள்கிறேன்.

சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் விழுந்ததும் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் இருந்த விமானப் பாதை அறுந்துபோனது. மலேயா, சுமத்ரா, பர்மா, அந்தமான் எல்லாம் ஜப்பான் கையில். தபாலும் முக்கியஸ்தர்களும் எப்படிப் போவது? ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் விமானக் கம்பெனி ஒரு வழி கண்டது. மேற்குக் கரையில் பெர்த் நகரத்து ஸ்வான் ஆற்றிலிருந்து கிளம்பி, இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே வெட்டி, நேராகக் கொக்கல. நடுவில் எங்கும் நிற்காது. 5,650 கிலோமீட்டர்.

இதற்கு ஐந்து கேட்டலினாக்கள். சண்டைக்கு வேண்டிய கனமான சாமான்களைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் எரிபொருள் தொட்டிகளை வைத்தார்கள். ஏறத்தாழ 9,000 லிட்டர். கிளம்பும்போது மொத்த எடை 16 டன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதில் ஐந்தில் இரண்டு பங்கு பெட்ரோல். இவ்வளவையும் சுமந்த பிறகு மிச்சமிருந்த இடத்துக்கு மூன்று பயணிகள், 69 கிலோ தபால். அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு குடும்பம் துபாயிலிருந்து ஊருக்கு வந்தால் கொண்டுவரும் பெட்டிகளே அந்த எடை தேறும். ஆனால் இது தூதரகத் தபால், ராணுவத் தபால்.

நினைத்துப் பாருங்கள், முதல் சில மணி நேரத்தில் ஓர் எஞ்சின் நின்றால் மற்றது அவ்வளவு எடையையும் தாங்காது. பெட்ரோலைக் கடலில் கொட்டியாக வேண்டும். கொட்டினால் எங்கும் போய்ச் சேர முடியாது. கடலில் இறங்கிவிடலாமே, படகுதானே என்றால், அது களப்பு இல்லை, நடுச்சமுத்திரம். ரேடியோவில் பேசக் கூடாது, எதிரி மோப்பம் பிடித்துவிடுவான். ஆயுதம் கிடையாது. இருக்கிற ஒரே பாதுகாப்பு இருட்டு. ஜப்பானிய விமானங்கள் எட்டக்கூடிய பகுதியை இரவில் கடக்கும்படி நேரத்தை வகுத்தார்கள். அப்படி வகுத்தால், கிளம்பிய நாள் காலையில் ஒரு சூரிய உதயம், போய்ச் சேரும் நாள் காலையில் இன்னொன்று. காற்று எப்படியோ அப்படி, 27 மணி நேரத்திலிருந்து 32 மணி நேரத்துக்கும் மேல்வரை ஆகும். ஒரே பயணத்தில் இரண்டு விடியல் பார்த்தவர் என்று பயணிகளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். இரட்டை விடியலின் ரகசியச் சங்கம் என்று அதில் அச்சடித்திருந்தது. இந்தக் குளிரில், இந்த இரைச்சலில், ஒரு நாளுக்கு மேல் குந்தியிருந்த மனுஷனுக்கு ஒரு காகிதம்!

வழி கண்டுபிடித்தது நட்சத்திரங்களை வைத்து. வழிகாட்டி அதிகாரி செக்ஸ்டன்ட் கருவியில் நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, கடிகாரத்தைப் பார்த்து, அட்டவணையைப் புரட்டி, வரைபடத்தில் கோடு போடுவார். அதனால்தான் ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயரையே வைத்தார்கள். ஆல்டேர் ஸ்டார், வேகா ஸ்டார், ரைஜெல் ஸ்டார், அன்டாரெஸ் ஸ்டார், ஸ்பைகா ஸ்டார்.

இந்தப் பெயர்களை முதலில் படித்தபோது கிரேக்கமோ அரபியோ என்று தாண்டிப் போய்விட்டேன். பிறகு ஒரு நாள் காலண்டரில் ராகுகாலம் பார்க்கும்போதுதான் உறைத்தது. ஸ்பைகா நம்ம சித்திரை. அன்டாரெஸ் கேட்டை. ஆல்டேர் திருவோணம். வேகா, 27-ல் சேராமல் இருபத்தெட்டாவதாக ஓரத்தில் நிற்கிற அபிஜித். முகூர்த்தப் பெயராக மட்டும் பஞ்சாங்கத்தில் பிழைத்திருக்கிறது. ரைஜெலுக்கு மட்டும் நம் பட்டியலில் இடம் இல்லை. மிருகசீரிடமும் திருவாதிரையும் இருக்கிற அதே ஓரியன் கூட்டத்தில்தான் அதுவும் இருக்கிறது, அவ்வளவு பளிச்சென்று இருந்தும் நம்மவர்கள் அதை விட்டுவிட்டார்கள். ஆக, கேட்டையும் சித்திரையும் திருவோணமும் ராத்திரி ராத்திரியாக இந்தியப் பெருங்கடலைத் தாண்டி இலங்கைக்கு வந்து இறங்கியிருக்கின்றன. என் மகள் திருவோண நட்சத்திரம். மேசை மேல் இருப்பது ஆல்டேர் ஸ்டார்தான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

1943-ன் நடுவிலிருந்து 1945 ஜூலைவரை 271 முறை கடலைக் கடந்தார்கள். ஏறத்தாழ 860 பயணிகள். ஒரு விமானம்கூட விழவில்லை, ஓர் உயிர்கூடப் போகவில்லை. இதை இரண்டு தடவை படித்தேன். இரண்டே எஞ்சின், தளும்பத் தளும்பப் பெட்ரோல், பேசாத ரேடியோ, 271 முறை. திறமை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அதோடு, அவசரமே இல்லாத அந்த மந்த விமானத்தின் குணமும் கொஞ்சம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எரிபொருளை ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிக்கனமாகச் சாப்பிட்டுக்கொண்டு அது பாட்டுக்குப் போகும். அதை அவசரப்படுத்தாத விமானிகள் கிடைத்தார்கள்.

1944-ல் அதே கடலுக்கு நான்கு எஞ்சின் லிபரேட்டர் விமானம் வந்தது. அதற்குச் சக்கரம், எனவே ஓடுதளம் வேண்டும், இலங்கையில் ரத்மலானையில் இருந்தது. 17 மணி நேர அளவில் கடந்தது, அதிக ஆளும் ஏற்றியது. இன்று அதே பெர்த்திலிருந்து கிட்டத்தட்ட அதே 17 மணி நேரத்தில் நிற்காமல் லண்டனுக்கே போய்விடலாம். போர் முடிந்ததும் கேட்டலினாக்கள் என்ன ஆயின? அவை அமெரிக்காவிடம் இரவலாகப் பெற்றவை. ஒப்பந்தப்படி திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் அழித்துவிட வேண்டும். ஐந்தையும் ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். சித்திரை, கேட்டை, திருவோணம் எல்லாம் கடலடியில். அருங்காட்சியகத்தில் வைக்கக்கூட ஒன்றை விடவில்லை. சிட்னியிலிருந்து லண்டனுக்கு ஒரே மூச்சில் பறக்கும் தன் திட்டத்துக்கு இப்போது குவான்டாஸ் 'விடியல்' என்று பெயர் வைத்திருக்கிறது, இந்தப் பழைய பயணங்களின் நினைவாகத்தான்.

கொக்கலக்கு ஒருமுறை போனேன். படகுக்காரர் இலவங்கப்பட்டை உரிக்கிற தீவைக் காட்டுகிறேன் என்று கூட்டிப்போனார். எனக்கு ஆங்கிலம் தெரியும், அவருக்குக் கொஞ்சம், நடுவில் கை ஜாடை. இங்கே முன்னாடி ஏரோப்ளேன் இறங்குமாமே என்று இறக்கையை விரித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, கடற்கரை ஓரத்து ஓடுதளம் இருக்கும் திசையைக் காட்டினார். அங்கே இல்லை, இங்கே, தண்ணீரில் என்று காட்டினேன். சிரித்தார். படகை நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீர்க்காகம் ஒன்று இறங்கியது. கோடு கிழித்த மாதிரி ஒரு நீளத் தடம், நான் கேமராவை எடுப்பதற்குள் மூடிக்கொண்டது.

இவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம் என்று அப்புறம்தான் தெரிந்தது. என் வீட்டிலிருந்து பைக்கில் கால் மணி நேரத்தில் இன்னொரு படகு விமான நிலையம் இருந்திருக்கிறது. புழல் ஏரி.

புழல் என்றால் சென்னைக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ஜெயில். அடுத்து, மழைக்காலத்துச் செய்தி: மொத்தக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, நீர்வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு. 1942-லிருந்து போர் முடியும் காலம்வரை அங்கே பிரிட்டிஷ் விமானப்படையின் 240-ஆவது ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, கேட்டலினாக்களை வைத்திருந்தது. சென்னைக் கடலில் இறங்க முடியாது, கரையில் அலை அடிக்கிற அடியில் விமானம் அப்பளமாகிவிடும். ஏரி அமைதி, தண்ணீரிலும் உப்பு இல்லை, அலுமினியத்துக்கு நல்லது. அங்கிருந்து கிளம்பி வங்காள விரிகுடா முழுக்கக் கப்பல்களுக்குக் காவலாகச் சுற்றினார்கள். 1944-ல் அங்கேயே 628 என்று இன்னொரு ஸ்குவாட்ரனும் கொஞ்ச காலம் இருந்தது. எதிரிப் பகுதிக் கரையில் இருட்டில் ஒற்றர்களை இறக்கிவிடுகிற வேலை அதற்கு. நம் குடிதண்ணீர் ஏரியில்!

செங்குன்றம் பக்கம் விசாரித்தேன். டீக்கடையில் ஒரு பெரியவர் மட்டும், "வெள்ளைக்காரன் ஏரோப்ளேன்னா அது சோழவரம் தம்பி" என்றார். அவர் சொன்னதும் சரிதான். பக்கத்திலேயே சோழவரத்தில் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் பல வருஷம் அதில்தான் கார் ரேஸும் பைக் ரேஸும் நடந்தன. இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் வந்த பிறகுதான் ஓய்ந்தது. ஊரே கூடும், அப்பா என்னைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக் காட்டியிருக்கிறார். கான்கிரீட் போட்ட இடம், அதனால் ஞாபகம் இருக்கிறது. இரண்டு நிலையமும் ஒரே போரில் பக்கத்துப் பக்கத்தில் இயங்கியவை. ஒன்றைச் சொன்னால் ஐம்பது தாண்டிய எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். இன்னொன்றைச் சொன்னால் ஏற இறங்கப் பார்க்கிறார்கள். 

2019 கோடையில் சென்னையே குடத்தோடு அலைந்தபோது புழல் ஏரியும் வறண்டு கிடந்தது. வெடித்த மண்ணில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இல்லை என்கிற கவலையோடு, வெளியில் சொன்னால் திட்டு விழும் ஒரு ஆசையும் எனக்கு இருந்தது. நங்கூரம் கட்டிய சங்கிலி, ஒரு சிமெண்டுக் கட்டை, யாரோ கைதவற விட்ட ஒரு ஸ்பேனர், ஏதாவது கிடைக்காதா? இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தேன். செருப்பு, பாட்டில், கரைந்த பிள்ளையாரின் இரும்புக் கம்பி. "அண்ணா, என்ன தேடுறீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். "ஏரோப்ளேன்" என்றேன். பந்தை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டான்.

போன வாரம் மாடலின் உடம்பை ஒட்டி முடித்தேன். பெயின்ட் அடிக்குமுன் மிதக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். தூசு ஒட்டும், பசை இளகும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் துணி துவைக்கிற பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி, இருவருமாக இரு பக்கமும் பிடித்து இறக்கினோம். கையை எடுத்ததும் ஆடியது, பிறகு இடதுபக்கமாகச் சாய்ந்து, அந்தப் பக்கத்து மிதவையில் சாய்மானம் போட்டு நின்றது.

"கோணலா ஒட்டிட்டியாப்பா?"

இல்லை, நிஜ விமானமும் அப்படித்தான், இரண்டு மிதவையில் ஒன்று எப்போதும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, மற்றது கொஞ்சம் தூக்கினாற்போல இருக்கும் என்றேன். நம்பவில்லை. பழைய ஃபோட்டோவை எடுத்துக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டாள். பிறகு ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மூக்குக்குக் கீழே எந்த இடத்தில் பெயர் எழுத வேண்டும், தமிழில் எழுதலாமா என்று கேட்க ஆரம்பித்தாள்.